மூச்சை எண்ணத் தெரிந்தவருக்கே ஐசியு

2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட நர்சுகள் வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பகுதி மணிப்பூர்க்காரர்கள். கட்டில் இருந்தது, வென்டிலேட்டர் இருந்தது, பக்கத்தில் நிற்கத் தெரிந்த கை குறைந்துபோனது. வென்டிலேட்டரைப் பணம் கட்டி மறுவாரமே இறக்கிவிடலாம். ஐசியு நர்சை அப்படி இறக்க முடியாது. அன்று அந்த மருத்துவமனைகள் பட்ட பாட்டில் நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சேதி இருக்கிறது: தீவிர சிகிச்சை தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் கிராக்கி உண்டு. ஆனால் அந்தத் தேர்ச்சி ஐசியு கதவைத் தாண்டிய பிறகு வருவதில்லை. படிக்கிற காலத்தில், சாதாரண வார்டில், யாரும் கவனிக்காத வேலைகளில் வருகிறது.

ஹவுராவை ஒட்டிய சாந்த்ராகாச்சியை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் ஏரிக்காக வெளியூர்க்காரர்கள் அந்த ஊரை அறிவார்கள். நமக்கு அது ரயில் ஜங்ஷன். சென்னைக்கு அங்கிருந்து வண்டி உண்டு; வங்காளத்திலிருந்து வேலூர் சிஎம்சிக்கு ஸ்கேன் உறையும் கையுமாக வருகிறவர்களுக்கு அது பழகிய தடம். எதிர்த்திசையில், தென்னாட்டு நர்சுகள் வேலை தேடி கொல்கத்தா பக்கம் போவதும் நேற்று இன்று தொடங்கியதல்ல. ஆந்துல் சாலையில் நாராயணா குழுமம், கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் மத்திய மருத்துவமனை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய அரசு மருத்துவமனைகள் என்று சுற்றுவட்டாரத்தில் இடங்களுக்குக் குறைவில்லை. நீங்கள் அங்கே போனாலும் சரி, அங்கிருந்து வருகிற நோயாளி உங்கள் வார்டில் படுத்தாலும் சரி, கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்.

எல்லாருக்கும் இருபதா?

எந்த மருத்துவமனையிலும் ஒரு ஜெனரல் வார்டின் சார்ட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். டெம்பரேச்சர் ஆளுக்கு ஆள் மாறும், பல்ஸ் மாறும், பிபி மாறும். மூச்சு எண்ணிக்கை மட்டும் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில்வரை 20, 20, 20 என்று ஓடும். நிமோனியாக்காரருக்கும் இருபது, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் இருபது. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். எண்ணுவதற்கு வார்டில் தனிக் கருவி கிடையாது. வாட்ச்சும் ஒரு நிமிஷப் பொறுமையும்தான் வேண்டும். அதனால்தான் அது விடுபடுகிறது.

விடுபட்டால் என்ன ஆகும்? வயிற்று அறுவை முடிந்து மூன்றாம் நாள் படுத்திருக்கும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் எதுவும் இல்லாமல் சாச்சுரேஷன் 95. பிபி மேல் எண் 108. பல்ஸ் 104. டெம்பரேச்சர் 38.2 டிகிரி செல்சியஸ். கூப்பிட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறார். மூச்சு, உண்மையில் எண்ணினால், 22. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ‘நியூஸ் 2’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் இதைக் கூட்டிப் பாருங்கள். மூச்சுக்கு 2, சாச்சுரேஷனுக்கு 1, பிபிக்கு 1, பல்ஸுக்கு 1, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 6. ஐந்தோ ஆறோ வந்தால் மருத்துவர் அவசரமாகப் பார்க்க வேண்டும், மணிக்கொரு முறையாவது மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி. இப்போது அதே சார்ட்டில் மூச்சை மட்டும் வழக்கம்போல 20 என்று எழுதுங்கள். மதிப்பெண் 4. ‘பரவாயில்லை, அடுத்த டூட்டியில் பார்க்கலாம்’ என்ற பக்கத்துக்கு அந்த அம்மாள் போய்விடுகிறார். உடம்புக்குள் சீழ் பரவிக்கொண்டிருந்தால், அடுத்த டூட்டிக்குள் பிபி 80-க்கு இறங்கியிருக்கும். ஐசியுவில் அவருக்குக் கட்டில் தேடும் ஓட்டம் அந்தப் பொய்யான இருபதில் ஆரம்பித்தது.

ஆகவே முதல் பயிற்சி இது. முதலாண்டிலேயே தொடங்கலாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். நாடி பார்க்கிற பாவனையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும், அதனால்தான் இந்தச் சின்ன ஏமாற்று. எண்ணும்போதே மற்றதும் கண்ணில் படும்: கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா, நெற்றியில் வேர்வையா, விரல் நுனி சில்லென்று இருக்கிறதா. மானிட்டர் இதில் ஒன்றையும் சொல்லாது. நேற்று 16, இன்று காலை 18, இப்போது 22 என்று நகர்வதைப் பிடித்துவிட்டால், ஐசியு நர்சின் வேலையில் பாதி உங்களுக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதி, அதைச் சொல்வது.

போனில் என்ன சொல்வது

பார்த்தது வேறு, பார்த்ததைச் சொல்லி ஆளை வரவழைப்பது வேறு. ‘சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க’ என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டால் எந்த டூட்டி டாக்டரும் எழுந்து வரமாட்டார். அவரைக் குறை சொல்வதிலும் பயனில்லை. நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, வேண்டியது என்ற நான்கும் அந்த வரிசையில் வர வேண்டும். ‘எஸ்பார்’ என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. தேர்வுக்கு விரிவாக்கம் எழுதத் தெரிந்தவர்கள் நிறைய. வாயில் வருகிறவர்கள் குறைவு. வாயில் வந்தால் இப்படி இருக்கும்:

‘சார், ஃபீமேல் சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். பன்னிரண்டாம் பெட் அம்மாவுக்கு மூச்சு 22, காலைல 18தான் இருந்துச்சு. பிபி 108, பல்ஸ் 104, டெம்பரேச்சர் 38.2. குடல் ஆபரேஷன் ஆகி மூணாவது நாள். செப்சிஸ் ஆரம்பிக்குதோன்னு சந்தேகப்படறேன். நீங்க இப்ப வந்து பாக்கணும் சார். அதுக்குள்ள ப்ளட் கல்ச்சர் பாட்டிலும் லாக்டேட்டுக்கு சிரிஞ்சும் எடுத்து வைக்கவா?’

அரை நிமிஷம்கூட ஆகாது. கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். வந்ததும் என்ன தேவைப்படும் என்று தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. செப்சிஸ் என்றால் ஆன்டிபயாட்டிக் போடும் முன்பே கல்ச்சர் எடுக்க வேண்டும், லாக்டேட் பார்க்க வேண்டும், பிபி இறங்கியிருந்தால் கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் திரவம் ஓட வேண்டியிருக்கும், சராசரி ரத்த அழுத்தத்தை 65-க்கு மேல் நிறுத்த வேண்டும். உலகெங்கும் ஐசியுக்களில் பின்பற்றும் வழிகாட்டுதல் இதுதான். மாணவியாக இருக்கும்போது நீங்கள் நேரே டாக்டருக்குப் போன் போடப் போவதில்லை; இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்வீர்கள். அவரிடமும் இதே வரிசையில் சொல்லுங்கள். ‘எத்தனையாவது வருஷம் நீ?’ என்று அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இதற்கு ஒத்திகை வேண்டும். ஹாஸ்டலில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருத்தி சார்ட் வாசிக்க, இன்னொருத்தி தூக்கக் கலக்க டாக்டராக நடிக்கட்டும். நடுவில் குறுக்கே பேசட்டும், எரிந்து விழட்டும். பொம்மை மாடல் இல்லையே, சிமுலேஷன் லேப் இல்லையே என்று கல்லூரியைக் குறை சொல்கிற நேரத்தில் இதைச் செய்துவிடலாம். லேப் இருந்தால் நல்லதுதான். அமெரிக்காவின் நர்சிங் வாரியங்களுடைய தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, நல்ல ஆசிரியரும் முடிந்தபின் முறையான அலசலும் இருந்தால் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனுக்கு மாற்றினாலும் மாணவர் தரம் குறையவில்லை என்று கண்டது. அந்த ‘இருந்தால்’ முக்கியம். பல லட்ச ரூபாய்ப் பொம்மையை உறை பிரிக்காமல், இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் தூசி தட்டி வைக்கிற கல்லூரிகளும் நாட்டில் உண்டு.

பம்ப், அலாரம், வளையல்

ஐசியு போஸ்டிங் கிடைத்ததும் பிள்ளைகளுக்கு முதலில் வருவது கருவி பயம். வென்டிலேட்டரின் மோட் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட அவசரம் கணக்கு. 50 மில்லியில் 4 மில்லிகிராம் நார்அட்ரினலின் கலந்து சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 5 மில்லி ஓடுகிறது. நோயாளி 60 கிலோ. என்ன டோஸ்? ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம், மணிக்கு 400, நிமிஷத்துக்கு 6.7, கிலோவுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 0.11 மைக்ரோகிராம். பேப்பரில் ஒரு தடவை, மனசுக்குள் ஒரு தடவை என்று தினம் ஒன்று போட்டுப் பழகுங்கள். ரவுண்ட்ஸில் ‘நார்அட் எவ்வளவு போகுது?’ என்று கேட்டால் ‘அஞ்சு போகுது சார்’ என்று சொல்கிறவருக்கும் ‘0.11’ என்று சொல்கிறவருக்கும் உள்ள தூரம் பெரிது. ஐந்து என்பது பம்பின் எண். எத்தனை மில்லிகிராம் கலந்தார்கள் என்பது தெரியாமல் அதற்கு அர்த்தமே கிடையாது.

இன்னொன்று. அந்த சிரிஞ்ச் தீரும் தறுவாயில் மாற்றினால், மாற்றுகிற அந்த ஒரு நிமிஷத்தில் பிபி தரைக்கு வந்துவிடும். தீர்வதற்கு முன்பே அடுத்த சிரிஞ்சைக் கலந்து, லேபிள் ஒட்டி, பக்கத்தில் வைத்திருப்பவர்தான் நல்ல ஐசியு நர்ஸ். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை ஒருபோதும் நேராக நரம்பில் தள்ளாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அலாரம் அடித்தால் கை தானாக சைலன்ஸ் பட்டனுக்குப் போகும். முதலில் நோயாளியின் மார்பைப் பாருங்கள். ஏறவில்லை, சாச்சுரேஷன் இறங்குகிறது என்றால் ஆளைக் கூப்பிட்டபடியே வென்டிலேட்டரைக் கழற்றி அம்பு பேக்கில் ஆக்சிஜன் கொடுங்கள். அப்புறம் யோசிக்க நான்கு காரணம்: டியூப் நகர்ந்துவிட்டதா, சளி அடைத்ததா, நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்து அமுக்குகிறதா, கருவி கோளாறா. பேக்கை அமுக்கும்போது லேசாகப் போனால் பெரும்பாலும் குற்றம் கருவியில். கல் போல இறுக்கினால் டியூபிலோ மார்பிலோ. அந்த அம்பு பேக் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறதா என்று டூட்டி ஏறின உடனே பார்க்க வேண்டும். எமர்ஜென்சி டிராலியில் இருக்கிறது என்ற பதில் செல்லாது.

மாணவர் கைக்கும் இந்தப் பைக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்டாம் மருத்துவமனையில் சுவாசக் கருவிகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டு டியூப் வைத்து, கையால் பை அமுக்கிக் காற்றுக் கொடுக்கலாம் என்றார். அமுக்க யார்? ஏறக்குறைய 1,500 மாணவர்கள், மருத்துவம் படிப்பவரும் பல் மருத்துவம் படிப்பவரும், ஷிப்டு போட்டு இரவு பகலாக அமுக்கினார்கள். மூச்சு நின்ற நோயாளிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே இப்சன் தனி ஐசியு திறந்தார். உலகின் முதல் ஐசியுவுக்கு அடித்தளம் போட்டதில் பட்டம் வாங்காத பிள்ளைகளின் கை இருக்கிறது.

வங்காள நோயாளி விஷயத்துக்கு வருவோம். கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் பேச்சுக்கு ஐந்து மதிப்பெண், சொன்னதைச் செய்வதற்கு ஆறு. தமிழில் ‘கையைத் தூக்குங்கம்மா’ என்று சொல்லி, அவர் தூக்கவில்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்தால், அது அவருடைய மூளையின் குறையா, உங்கள் மொழியின் குறையா? ‘ஹாத் துலுன்’, ‘சோக் குலுன்’ என்ற இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். கையைத் தூக்குங்கள், கண்ணைத் திறங்கள், அவ்வளவுதான். பேச்சுத் தெளிவை அளக்க மட்டும் வீட்டாரையோ மொழி தெரிந்த ஒருவரையோ பக்கத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். ஹவுராவில் வேலை என்றால் இது தலைகீழாகும். அங்கே ‘மாசி’ என்று அழைக்கப்படும் வார்டு ஆயாக்களிடம் நட்பாக இருந்தால் பாதி மொழி ஒரு மாதத்தில் வந்துவிடும்.

திருமணமான வங்காளப் பெண்களின் கையில் சங்கு வளையும் ‘போலா’ என்ற சிவப்பு வளையும் இருக்கும். நம் ஊர்த் தாலி போல, கழற்றச் சொன்னால் வீட்டார் முகம் வாடும். செப்சிஸில் கை வீங்கத் தொடங்கினால் வளை இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மணிக்கட்டில் ஆர்ட்டரி லைன் போடவும் இடம் விடாது. வீங்கிய பிறகு உடைக்க நேர்வதைவிட, அட்மிஷன் அன்றே மாமியாரிடமோ கணவரிடமோ காரணம் சொல்லி, அவர்கள் கையாலேயே கழற்றவைத்து, எழுதி ஒப்படைத்துவிடுவது மேல். தாலிக்கும் அதேதான். ஷாக் கொடுக்கும் பேட் ஒட்டுகிற இடத்தில் அது கிடக்கக் கூடாது. கழற்ற மனமில்லை என்றால் நகர்த்தியாவது வையுங்கள்.

கூட்டமாக வந்தால்

2018 அக்டோபர் 23 அன்று மாலை சாந்த்ராகாச்சி நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசல். இரண்டு பேர் இறந்தார்கள், பத்துக்கும் மேற்பட்டோர் காயம். 2023 ஜூன் 2 அன்று ஷாலிமாரிலிருந்து இதே தடத்தில் கிளம்பிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் தடம் புரண்டபோது கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் காயம். அப்படிப்பட்ட ராத்திரியில் மாணவிகளையும் வார்டிலிருந்து இறக்குவார்கள். அலறுகிறவரிடம் எல்லாரும் ஓடுவார்கள். அலற மூச்சிருக்கிறது அவருக்கு. மூலையில் சத்தமில்லாமல் வெளிறிக் கிடப்பவரிடம் முதலில் போங்கள். இங்கேயும் மூச்சு எண்ணிக்கைதான் கைகொடுக்கும்: நிமிஷத்துக்கு 30-க்கு மேல் என்றால் சிவப்புப் பட்டை.

நெருப்பு இன்னொன்று. 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தா தாக்குரியாவின் ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மாடிகளுக்கு ஏறி, தொண்ணூறு பேர்வரை பலியானார்கள். பெண்கள் வார்டில் எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு, உள்ளேயே உயிர்விட்ட இரண்டு இளம் கேரள நர்சுகளும் அவர்களில் அடக்கம். அவர்கள் தைரியத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போஸ்டிங்கின் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஆக்சிஜன் லைனை மூடும் வால்வு எங்கே இருக்கிறது, யார் சொன்னால் மூடலாம், மூடும் முன் எத்தனை பேருக்கு சிலிண்டர் மாற்ற வேண்டும், வெளியேறும் கதவு இரவில் பூட்டப்படுகிறதா? இன்சார்ஜுக்கே தெரியவில்லை என்றால் சேர்ந்து போய்த் தேடுங்கள்.

படிப்பும் வேலையும்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை எட்டு செமஸ்டராக மாற்றியது. கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். மேற்கு வங்கத்தில் பி.எஸ்சி. சேர ஜென்பாஸ் நுழைவுத் தேர்வு. முடித்தபின் தீவிர சிகிச்சையில் மேலே போக முக்கியமாக இரண்டு வழி: ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமா, அல்லது 2016-17-இல் கவுன்சில் தொடங்கிய இரண்டாண்டு ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர்’ முதுநிலைப் படிப்பு. பின்னது ரெசிடென்சி முறை. வகுப்பை விட கட்டில் பக்கம் நிற்கும் நேரம் அதிகம், ஓராண்டு அனுபவத்தோடுதான் சேர முடியும். என் கட்சி இரண்டாவதன் பக்கம். ஆனால் அந்தப் பெயரில் தனிப் பதவியும் சம்பளமும் எல்லா மருத்துவமனையிலும் இல்லை. சேரும் முன் அங்கே படித்து முடித்தவர்களிடம் விசாரித்துவிடுங்கள். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நார்செட் தேர்வு, கல்யாணி எய்ம்ஸும் அதில் வரும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு எம்ஆர்பி, வங்காளத்துக்கு அங்குள்ள ஹெல்த் ரெக்ரூட்மெண்ட் போர்டு. மாநிலம் மாறினால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கலாம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. லாக் புக்கில் ‘சக்‌ஷன்: பார்த்தது 10, செய்தது 5’ என்று நிரப்பிக் கையெழுத்து வாங்குவதால் யாருக்கும் தேர்ச்சி வருவதில்லை. சக்‌ஷன் போடும் முன் ஏன் ஆக்சிஜன் ஏற்றினாய், எத்தனை விநாடியில் வெளியே எடுத்தாய், போட்டபின் பல்ஸ் என்ன ஆனது என்று மூன்று கேள்வி கேட்டால் ஐந்து முறை செய்தவரும் ஒரே முறை செய்தவரும் யார் யார் என்று தெரிந்துவிடும். பெட்ரீஷியா பென்னர் 1984-இல் எழுதியதில் நர்சின் வளர்ச்சிக்கு ஐந்து படி சொன்னார். புதிதாகப் பட்டம் பெற்றவர் இரண்டாம் படியில் நிற்கிறார், திறமையாளர் என்ற மூன்றாம் படிக்கே ஒரே மாதிரி இடத்தில் இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆறு மாதத்துக்கு ஒரு மருத்துவமனை மாறி ஆயிரம் இரண்டாயிரம் கூட வாங்குகிற பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

மருத்துவமனைகளும் யோசிக்க வேண்டும். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதே விரும்பத்தக்கது என்பது இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. இன்டர்வியூவில் உங்களிடம் கேள்வி கேட்டு முடித்ததும் ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்கள். கேளுங்கள். இரவு டூட்டியில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி? எத்தனை வாரம் ஒரு சீனியரோடு சேர்த்துப் போடுவீர்கள்? ஐசியுவில் ஆள் குறைந்தால் வார்டிலிருந்து யாரை இழுப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் சம்பளம் கூட இருந்தாலும் யோசியுங்கள். முதல் வாரமே வென்டிலேட்டர் நோயாளிகள் இரண்டு பேரைத் தனியாகப் பார்க்கச் சொல்கிற இடத்தில் எதுவும் கற்க முடியாது, தப்பிக்கத்தான் பழகுவீர்கள். பாண்டு போடச் சொன்னால் காலமும் அபராதத் தொகையும் எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஃபைலில் வைக்க அட்டெஸ்டேஷன் வாங்கிய நகல் போதும்.